ஒன்பதாம் கட்டில், இரண்டு இட்லி

எனக்கு அந்தம்மாவைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், போகப் போக நான் யாரோ ஒரு புண்ணியவதியை நினைத்து உருகுகிறேன் என்று எண்ணிக்கொள்வீர்கள். உருக்கமெல்லாம் ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல்தான். இத்தனை வருடம் கழித்தும் அது ஆறவில்லை.

திண்டுக்கல்லில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன மருத்துவமனை அது. மொத்தம் ஐம்பது கட்டில். நான் அங்கே மக்கள் தொடர்பு அலுவலராக இருந்தேன். பெயர்தான் நீளம். கையில் இருந்தது ஒரு மேசையும், முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பும், கரகரக்கும் ஒரு மைக்கும்தான். என் கண்ணாடிக்கு நேர் எதிரே ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் அந்தம்மா உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பார் என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பார், எந்த நேரமும் எழுந்து போகிறவர் மாதிரி.

எழுந்து போகவும் செய்வார். "டாக்டர் இருக்காரா?" என்று யாராவது வந்து கேட்டால், என்னைப் போன்றவர்கள் "இப்ப வந்துருவாரு, உக்காருங்க" என்போம். ஆஸ்பத்திரியில் அது ஒரு மரியாதை. யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. அந்தம்மா அப்படிச் சொல்லமாட்டார். "செத்த இருங்க, பாத்துட்டு வாரேன்" என்று வராந்தாவின் கோடிவரை நடந்து போய், டாக்டர் அறையை எட்டிப் பார்த்து, அப்படியே கார் நிற்கும் இடத்தையும் பார்த்துவிட்டு வருவார். "ரூம்ல இல்ல. வண்டியும் இல்ல. போயி டீ குடிச்சிட்டு வாங்க." கேட்டவரும் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவார். என்னிடம் கேட்டவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கணக்கில் என்னை முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

கேன்டீனில் பொங்கல் இருக்கிறதா என்று கேட்டாலும் இதே கதைதான். போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அடியில் ஒட்டியிருக்கிறது, இரண்டு பேருக்கு வரும் என்று வந்து சொல்வார். வெளியே மழையா என்று ஒருமுறை நான் வேண்டுமென்றே கேட்டேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் "தூறுது" என்றார். சி.ஐ.டி. என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தம்மாவுக்குக் கோபம் வராது, சிரிப்பும் வராது. "பாத்துட்டுச் சொல்றதுக்கு என்ன சார், நாலு எட்டுத்தானே" என்பார். இனிக்க இனிக்கப் பேசத் தெரியாத மனுஷி. எனக்கோ பேச்சுதான் பிழைப்பு.

கொரோனா வந்த முதல் வருடம் மருத்துவமனையின் கேட்டை இழுத்துச் சாத்தினோம். உள்ளே நோயாளிகள், வெளியே அவர்களுடைய சொந்தக்காரர்கள். உள்ளே போனால் திரும்பி வரமாட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. காய்ச்சல் வந்தவர்கள் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தார்கள். தலைமை மருத்துவர் என்னைக் கூப்பிட்டு, தினமும் சாயங்காலம் கேட்டில் நின்று ஊருக்கு நிலவரம் சொல்லுங்கள் என்றார். என் வாழ்க்கையில் வந்த பெரிய வாய்ப்பு அது. ராத்திரி உட்கார்ந்து அழகாக எழுதினேன். 'சிகிச்சையில் உள்ளோர் அனைவரும் நலமுடன் உள்ளனர். பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம்.' மறுநாள் ஏற்ற இறக்கத்தோடு மைக்கில் படித்தேன். கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்றவர்கள் நான் பேசி முடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

பேகம்பூர்க்காரர் ஒருவர், தோல் மண்டியில் வேலை பார்ப்பவர், அப்பாவை உள்ளே சேர்த்திருந்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அதெல்லாம் சரிங்க சார். எங்க அத்தா காலைல என்ன சாப்ட்டாங்க? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

"நல்லா சாப்ட்டிருப்பார்" என்றேன்.

பின்னால் நின்ற அந்தம்மாவுக்கு அந்த 'இருப்பார்' உறுத்தியிருக்க வேண்டும். உள்ளே போய், நர்ஸ்களிடம் ஒரு பாதுகாப்பு உடை கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டார். சீட்டு எழுதுகிறவருக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற நிலையிலும் யாரும் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து, வியர்வையில் தொப்பலாக நனைந்துபோய் வெளியே வந்து கேட்டருகே நின்றார். "அரைத் தோசை சாப்ட்டாரு. சட்னியத் தொடல. டீ பூராத்தையும் குடிச்சிட்டு, சக்கர பத்தலன்னு சொன்னாரு." அந்த மனிதர் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். பக்கத்தில் நின்ற எல்லோரும் ஒரே குரலில் தங்கள் வீட்டு ஆளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அன்றோடு என் மைக் ஓய்ந்தது. செவிலியர் வகுப்பிலிருந்த பச்சை போர்டு கேட்டுக்கு வந்தது. தினமும் அந்தம்மா வார்டுக்குள் போய் ஒவ்வொருவர் தட்டையும் பார்த்துவிட்டு வந்து, சாக்பீஸால் எழுதுவார். ஆளின் பெயர் இருக்காது, கட்டில் எண் மட்டும். 'மூணு: ஒரு இட்லி. சாம்பார் வேண்டாம்னு தள்ளிட்டார். ஏழு: கஞ்சி முழுசும். தயிர் கேட்டார். பன்னிரண்டு: பாக்கல. தூங்கினார், எழுப்பல.' அவ்வளவுதான். ஆக்சிஜன் அளவு, ரத்தப் பரிசோதனை என்று டாக்டர்கள் சொன்ன எதுவும் ஜனங்களுக்கு ஏறவில்லை. அரை இட்லி என்றால் ஏறியது. நம் பக்கத்தில் ஒருவரை நலம் விசாரிப்பதே சாப்பிட்டாயா என்றுதானே. அந்த எண்ணம் எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

கையெழுத்து ஒன்றும் முத்து முத்தாக இருக்காது. வரி வலது பக்கம் போகப் போகக் கீழே சரியும். ஆனால் அந்த போர்டைப் போட்டோ எடுத்துத் தாடிக்கொம்பு, சின்னாளப்பட்டி என்று சுற்றுப்பட்டு முழுக்கப் போனில் அனுப்பினார்கள். என் மனைவிக்கும் வந்தது. என்னிடமே காட்டி, "இந்தம்மா எம்புட்டுத் தெளிவா எழுதுது பாத்தீங்களா" என்றாள். அப்புறம் ஒன்று கேட்டாள்: "நீங்க அங்க இப்ப என்ன வேல பாக்குறீங்க?" அன்று சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

போர்டின் அடியில் தேவைகளையும் எழுதத் தொடங்கினார். 'வெந்நீர் பிளாஸ்க் நாலு வேணும்' என்று எழுதிய அன்றே பதினொன்று வந்தது. பேகம்பூரிலிருந்து பெரிய தூக்குவாளிகளில் கஞ்சி வந்தது, சின்னாளப்பட்டியில் சேலைத் துணியில் முகக்கவசம் தைத்து மூட்டையாக அனுப்பினார்கள். அதே பிளாஸ்க்குக்காக நான் முறைப்படி கடிதம் எழுதி இரண்டு சங்கங்களுக்கு அனுப்பியிருந்தேன். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது.

தடுப்பூசி வந்தபோதும் அப்படித்தான். பயப்பட வேண்டாம் என்று நான் வண்ணத்தில் ஒரு பேனர் அடித்துக் கட்டினேன். அந்தம்மா ஊசியைப் போட்டுக்கொண்டு, தினமும் போர்டின் ஓரத்தில் தன்னைப் பற்றி இரண்டு வரி எழுதினார். 'ஊசி போட்ட அன்னிக்கு: கை வலி, ராத்திரி காய்ச்சல். மறுநாள்: ஒரு தோசை. மூணாம் நாள்: வலி இல்ல, மூணு தோசை.' அந்த மூன்று தோசையைப் பார்த்துவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். என் பேனர் காற்றில் கிழிந்து தொங்கியது. அதை அவிழ்க்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

இரண்டாவது அலையில் நிலைமை மோசமானது. வார்டின் கிழக்கு ஜன்னல் மதிலோரச் சந்துப் பக்கம் பார்த்தபடி இருந்தது. அந்தம்மா அங்கே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, சொந்தக்காரர்கள் அதில் ஏறி நின்று கண்ணாடி வழியாக நோயாளியைப் பார்க்க டாக்டரிடம் அனுமதி வாங்கினார். போர்டில் அரை இட்லிக்குக் கீழே போனால் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். மறுநாள் விடிந்ததும் வந்து பெஞ்சில் ஏறுவார்கள். கையை ஆட்டுவார்கள், போனில் பேசுவார்கள். அதில் பலருக்கு அதுதான் கடைசி. பார்த்துவிட்டோம் என்ற ஒரு ஆறுதலோடு போவார்கள்.

அந்த நேரத்தில்தான் அந்தம்மாவுக்கும் தொற்று வந்தது. லேசானதுதான். ஆனாலும் இரண்டு வாரம் வீட்டை விட்டு வரக்கூடாது என்றார்கள். போவதற்கு முன் கண்ணாடித் தடுப்பின் அடி இடைவெளி வழியாகச் சாக்பீஸ் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"உள்ள போயித் தட்டப் பாத்துட்டு எழுதுங்க சார். போக முடியலன்னா, பாக்கலன்னு எழுதுங்க. தப்பா நினைக்க மாட்டாக."

டப்பா என் கைக்கு வந்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது? கடைசியில் போர்டு என்னிடம் வந்துவிட்டது. ஆனால் வார்டுக்குள் போகப் பயம். எனக்குச் சர்க்கரை உண்டு, வீட்டில் கல்யாணம் ஆகாத மகள் உண்டு. வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். அப்படியானால் 'பாக்கல' என்று எழுதியிருக்க வேண்டும். ஐம்பது கட்டிலுக்கும் 'பாக்கல' என்று எழுதினால் ஊர் என்ன சொல்லும்? அந்தம்மா இருந்தால் இப்படியா என்று சொல்லும். அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியாது. ஆகவே சமையலறைக்குப் போய், எந்தக் கட்டிலுக்கு என்ன அனுப்பினார்கள் என்ற பட்டியலை வாங்கி வந்தேன். அனுப்பியதைச் சாப்பிட்டதாக எழுதினேன். அந்தம்மாவின் எழுத்து மாதிரியே வரியைக் கீழே சரித்து எழுதினேன். வீட்டில் ஒரு நோட்டில் எழுதிப் பழகியிருந்தேன். போனில் பார்ப்பவர்களுக்கு ஆள் மாறியது தெரியக்கூடாது என்பது ஒரு காரணம். அந்த எழுத்துக்குக் கிடைத்த மரியாதையை ஒரு நாளாவது நான் அனுபவித்துப் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று.

கேட்டில் நின்றவர்களின் முகமெல்லாம் மலர்ந்தது. எல்லோருக்கும் இரண்டு இட்லி, எல்லோருக்கும் முழுக் கஞ்சி. "இப்பத்தான் சார் உசுரே வந்துச்சு" என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பத்து நாள் நான் ராஜா மாதிரி இருந்தேன்.

ஒன்பதாம் கட்டிலில் இருந்தவர் தாடிக்கொம்புப் பக்கத்து விவசாயி. அவருடைய மகள் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு, தினமும் போனில் போர்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராவது நாள் சாயங்காலம் நான் எழுதினேன், 'ஒன்பது: ரெண்டு இட்லி, ஒரு டம்ளர் கஞ்சி.' அதைப் பார்த்துவிட்டு அவள் மறுநாள் காலைத் தக்காளிப் பறிப்பை முடித்துக்கொண்டு வரலாம் என்று தங்கிவிட்டாள். மறுநாள் அவள் பறித்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய அப்பா போய்விட்டார்.

அவள் வந்து என் கண்ணாடியில் போனை ஒட்டிப் பிடித்துக் காட்டினாள். விரலெல்லாம் தக்காளிக் கறை. "ரெண்டு இட்லி சாப்ட்ட மனுசன் எப்பிடி சார் விடிஞ்சதும் போவாரு? ஒரு வார்த்த கொறச்சு எழுதியிருந்தா நான் வந்திருப்பேனே." டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் குனிந்து எதையோ தேடுவது போலப் பாவனை செய்தேன்.

மூன்றாம் நாள் அந்தம்மா வேலைக்குத் திரும்பினார். வந்த கையோடு வார்டுக்குள் போனார். அங்கே நர்ஸ் சொல்லியிருக்கிறார், ஒன்பதாம் கட்டில்காரர் கடைசி மூன்று நாளும் தட்டின் பக்கம் திரும்பக்கூட இல்லை என்று. வெளியே வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"ஒன்பதாம் கட்டில் தட்டப் பாத்தீங்களா சார்?"

"கிச்சன் லிஸ்ட்ல ரெண்டு இட்லின்னு இருந்துச்சு."

"அது அனுப்புனது சார். நான் சாப்ட்டதக் கேக்குறேன்."

மேலிடத்தில் சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். ஓய்வுக்கு நாலைந்து வருடம்தான் பாக்கி இருந்தது. அந்தம்மா சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், போர்டை முழுக்கத் துடைத்துவிட்டு எழுதினார். 'ரெண்டு வாரமா எழுதுனது தட்டப் பாக்காம எழுதுனது. மன்னிக்கணும். இன்னிலேருந்து பாத்துட்டு எழுதுவோம்.' யார் எழுதியது என்று அதில் இல்லை. கேட்டில் நின்றவர்கள் கத்துவார்கள், கல்லெறிவார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தம் இருந்தது. அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் கட்டில் எண்ணைச் சொல்லி, பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். அந்தம்மா உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். தப்பு நான் செய்தது. அதிலும் நம்பிக்கை அந்தம்மாவுக்கே சேர்ந்தது. அந்த நேரத்தில்கூட எனக்கு அதுதான் உறைத்தது என்றால் என் மனசை நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மேலிடத்திலும் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டே இருந்தார். எப்போது சொல்வாரோ என்று ஒவ்வொரு நாளும் நான் வெந்தேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒரு வருடம் போல இருந்துவிட்டு, மகளுக்குப் பிரசவம் என்று ஒட்டன்சத்திரம் பக்கம் போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். விழாவில் பேசிய எல்லோரும் போர்டைப் பற்றித்தான் பேசினார்கள். கொரோனா காலத்தில் ஊரையும் ஆஸ்பத்திரியையும் இணைத்தது இவருடைய துறை என்று சொல்லி எனக்குச் சால்வை போட்டார்கள். அந்தம்மாவின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. ஆசைப்பட்டதெல்லாம் அன்று கிடைத்தது. ஆனால் தோளில் அது முள்ளாகக் குத்தியது. ஒரு வாரம் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு, ஒன்பதாம் கட்டில்காரரின் மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து வண்டியை எடுத்துக்கொண்டு தாடிக்கொம்புக்குப் போனேன்.

கோயில் தாண்டி விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அவளும் கணவரும் வாசலில் காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி சார்தானே என்று அடையாளம் கண்டு நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே, யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"உங்க அப்பாவுக்கு ரெண்டு இட்லின்னு போர்டுல எழுதுனது நான்தாம்மா. அந்தம்மா அப்ப வேலைக்கே வரல. நான் உள்ள போயிப் பாக்காமலே எழுதுனேன்."

அவள் பிரித்த காயைக் கூடையில் போட்டாள். பிறகு, "அவுக அப்பவே வந்து சொல்லிட்டாக சார்" என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே அந்தம்மா காய்கறி வண்டியில் ஏறி அங்கே போயிருக்கிறார். தக்காளிக்காக அப்பாவை விட்டுவிட்டேனே என்று இவள் அன்ன ஆகாரம் இல்லாமல் கிடந்த நேரம் அது. "'நீ வராதது தப்பில்ல தாயி, நான் பாக்காம எழுதுனேன், அத நம்பித்தானே நீ இருந்த, திட்டுறதுன்னா என்னையத் திட்டு'ன்னாக. திட்டுனேன் சார். வாய்க்கு வந்ததெல்லாம் திட்டுனேன். ஆறு மாசம், மாசாமாசம் வந்து, உக்காந்து திட்டு வாங்கிட்டுப் போனாக. அதுக்கப்புறந்தான் எனக்குச் சோறு எறங்குச்சு."

அவள் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன். பார்க்காத எதையும் சொல்லாதவர், இவளுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்ற அல்ல. நான் அந்தம்மாவின் நினைப்பிலேயே இருந்திருக்கமாட்டேன். இவள் தன்னையே அடித்துக்கொள்வதை நிறுத்த வேண்டும், அதற்கு அடிக்க வேறு ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். என் தப்பைச் சுமக்கக்கூட அந்தம்மாதான் முந்திக்கொண்டார் என்று நினைத்தபோது எனக்கு வந்தது நன்றி இல்லை, ஆத்திரம்.

"அவங்க சொன்னது நிஜம் இல்லம்மா. நான்தான் எழுதுனேன்" என்றேன் மறுபடியும்.

அவள் போனை எடுத்து வந்து அந்தப் போட்டோவைக் காட்டினாள். இத்தனை வருடமும் வைத்திருக்கிறாள். "இது அவுக எழுத்து சார். எங்க எல்லாருக்கும் தெரியும்." வரி அழகாகக் கீழே சரிந்திருந்தது. அவர் எழுத்தைப் பார்த்து நான் பழகி எழுதினேன் என்று விளக்கினேன். எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. அவள் சிரித்துவிட்டாள்.

"அவுக பொய் சொல்ல மாட்டாக சார். அவுக மேல பழி நிக்கக்கூடாதுன்னு இம்புட்டுத் தூரம் வந்து உங்க மேல ஏத்திக்கிறீக. உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு."

ஊர்க்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று, எதிர் மேசையைப் பார்த்துப் பார்த்து எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். இன்னொரு முறை மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளுடைய கணவர் எழுந்து வந்து, கண் கலங்கி, என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.